காணாமல் போன ‘மாட்டேன்’

மெஹராஜ் பேகத்துக்கு எட்டரை மணி சீரியல் ஒரு பங்கு பிடிக்கும் என்றால், அந்தச் சீரியலுக்காகப் பகலெல்லாம் ஓடும் முப்பது செகண்ட் ப்ரோமோ மூன்று பங்கு பிடிக்கும். அதைச் செய்வது தன் மருமகள் சாஜிதாதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கூடத்தை ஒட்டிய அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் லேப்டாப்பில் வெட்டுவதையும் ஒட்டுவதையும் பல நாள் நின்று பார்த்திருக்கிறார். பார்த்து என்ன பயன்? டிவியில் கதாநாயகி கண் கலங்கி, “இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்க…” என்று நிறுத்தி, டமாரென்று ஒரு சத்தத்தோடு திரை இருண்டதும், ஆய்ந்துகொண்டிருந்த கீரை அவர் கையிலேயே நின்றுவிடும்.

“ஏ புள்ள, சம்மதிக்கிறாளா, மாட்டாளா?”

“எட்டரைக்குப் பாருங்க மாமி.”

“ஒரே ஒலையில பொங்கித் திங்கிறோம். எங்கிட்டச் சொன்னா என்ன கொறஞ்சு போயிடுவ?”

“தொழில் ரகசியம் மாமி.”

அன்று மதியம் ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆனால் மாமியாருக்கு மருமகள்மேல் உள்ளூரப் பெருமைதான். வீட்டுக்கு யார் வந்தாலும், முதல் வாய் தேத்தண்ணி இறங்குவதற்குள், “எங்க மருமவதான் ஒலகத்தையே அழுவ வைக்கிறவ” என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லிச் சொல்லியே, ராஜகிரியிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் அவள் ‘ப்ரோமோ சாஜிதா’ ஆகிவிட்டாள்.

அந்தத் தொழில் ரகசியம் அப்படியொன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. தமிழில் ஒரு பேச்சின் உயிர் அதன் வாலில் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு நீட்டி முழக்கினாலும், வருவாரா வரமாட்டாரா, தருவாரா தரமாட்டாரா என்பது கடைசிச் சொல் வாயிலிருந்து விழும்வரை எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டால் போதும். கேட்டவர் மீதியைத் தேடிக்கொண்டு தானே எட்டரை மணிக்கு டிவி முன்னால் வந்து உட்காருவார். சாஜிதாவின் ஆபீஸில் இதற்கு ‘வால் வெட்டுவது’ என்று பெயர். சென்னையில் இருக்கும் அந்தச் சேனலுக்கு ப்ரோமோ செய்கிறவர்கள் ஒன்பது பேர். வாலை ஒட்ட நறுக்குவதில் அவளுக்கு ஈடு யாரும் இல்லை என்று மற்ற எட்டுப் பேரும் ஒப்புக்கொள்வார்கள்.

இந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு தப்பில் கற்றுக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அய்யம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்துத் தன்னை வளர்த்த அத்தாவிடம் மன்றாடி, திருச்சியில் விஸ்காம் படித்து முடித்து, கும்பகோணத்தில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜவுளிக்கடை, நகைக்கடை, கல்யாண மண்டபம், மூலத்துக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம் என்று விளம்பரம் செய்வதுதான் வேலை. முதன்முதலாகத் தனியாக அவளிடம் விட்டது பெரிய தெருவில் ஜெய்னுலாபுதீன் என்பவரின் பாத்திரக்கடை விளம்பரம். நடிகையெல்லாம் வேண்டாம், என் கடைக்கு என் முகம் போதும் என்றுவிட்டார் மனிதர். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் குடங்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் நின்று, சீர்வரிசைப் பாத்திரத்தில் ஆரம்பித்து, குத்துவிளக்கு வழியாகப் போய், கடை விலாசத்தைச் சொல்லி, எல்லாக் கடைக்காரர்களையும்போல “எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை” என்று கம்பீரமாக முடித்தார்.

மொத்தம் முப்பத்தொரு செகண்ட் வந்தது. சேனல் கொடுத்திருந்தது முப்பது. சாஜிதா கடைசியில் ஒரு செகண்டை நறுக்கினாள். போனது ‘இல்லை’.

ஆவணி முகூர்த்த நேரம். ஒரு நாளைக்கு இருபது தடவை, “எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள்…” என்று சொல்லிவிட்டு ஜெய்னுலாபுதீன் ஊரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கடைக்குப் போன் வந்தது. ஒரு குடும்பம் திருவாரூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைத்தெரு முழுக்கக் கிளையைத் தேடி அலைந்துவிட்டுக் கும்பகோணம் வந்து சண்டை போட்டது. மூன்றாம் நாள் அவர் ஸ்டூடியோ மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

“ஏம்மா, என் ‘இல்லை’ய எங்கம்மா காணோம்?”

சேனல் முதலாளி சாஜிதாவைத் திட்டித் தீர்த்தார். அன்றைக்கே விளம்பரத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் ஒன்று அவளுக்குப் புரிந்தது. அந்த மூன்று நாளும் ஊரே ஜெய்னுலாபுதீன் பாத்திரக்கடையைப் பற்றித்தான் பேசியிருக்கிறது. ‘இல்லை’ திரும்ப வந்த பிறகு ஒருவரும் பேசவில்லை.

அந்தத் தப்பைத்தான் அவள் பிறகு தொழிலாக வைத்துக்கொண்டாள். சென்னைக்குப் போனாள். பெரிய சேனலில் இடம் கிடைத்தது. ராஜகிரி ஜாஹித்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகள் ஹுமைரா பிறந்தாள். கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது ராஜகிரிக்கு வந்தவள், பிறகு திரும்பிப் போகவே இல்லை. வேலை நேரத்துக்கு வந்துசேர்கிறது, நன்றாகவும் இருக்கிறது என்று ஆபீஸும் விட்டுவிட்டது. காலையில் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு ஹெட்போனை மாட்டினால், மதியத்துக்குள் இரண்டு கல்யாணத்தை நிறுத்தி, ஒரு கர்ப்பத்தைச் சந்தேகத்தில் வைத்து, ஒரு மாமியாரை மாடிப்படியில் பாதி உருட்டிவிடுவாள். பிறகு மாமியோடு உட்கார்ந்து சோற்றில் மீனாணம் ஊற்றிச் சாப்பிடுவாள். நாற்பத்தொரு வயதில் இதைவிட நல்ல பிழைப்பு வேறு என்ன வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

இந்த ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்ததை ஒட்டி, சேனல் டெல்டா விவசாயிகளைப் பற்றி ஒரு சிறப்பு நிகழ்ச்சி தயாரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. கேமராக்காரர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்த பேட்டிகள் சாஜிதாவுக்கு வந்தன. அதில் ஒரு முகம் அவளுக்குப் பிடித்துப்போனது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், நரைத்த மீசை, வெயிலில் கறுத்த நெற்றி. அவர் பின்னால் தெரிந்த பாலம் குடமுருட்டிப் பாலம்தான் என்று கண்டுகொண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நம்ம பக்கத்து ஆள். அவர் சொன்னார்: “தண்ணி ஒரு வருஷம் முன்ன வரும், ஒரு வருஷம் பின்ன வரும். அதுக்காவ இந்த வருஷம் குறுவைய நான் விட்டுட மாட்டேன்.”

சாஜிதா யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. “இந்த வருஷம் குறுவைய நான் விட்டுட…” அதோடு நிறுத்தி, அவர் முகத்தை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு புல்லாங்குழலைச் சோகமாக அழவிட்டு, ‘ஞாயிறு காலை பத்து மணிக்கு’ என்று எழுத்துப் போட்டாள். திங்கட்கிழமையிலிருந்து ஓட ஆரம்பித்தது. ஆபீஸில் அவளுக்கு மேலே இருக்கும் பூமிகா, வயதில் பத்து வருஷம் சின்னவள், “சூப்பர்க்கா, பாக்கறப்பவே அழுகை வருது” என்று மெசேஜ் அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை அந்த முகம் அவள் வீட்டு வாசலில் நின்றது. பின்னால் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி.

“டிவியில ப்ரோமோ போடுற தங்கச்சி வீடு இதுதானே?”

“ஆமாண்ணே. உள்ள வாங்க.”

“எம் பேரு நல்லக்கண்ணு. நீங்கதான் என்னைய அடிக்கடி டிவியில காட்டுறீங்க.” உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் சாஜிதாவுக்கு என்னவோ செய்தது. “ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நான் பேசுறப்ப கடைசியில ஒரு ‘மாட்டேன்’ சொன்னேன். அத எங்கம்மா போட்டீங்க?”

மெஹராஜ் பேகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நல்லக்கண்ணு விஷயத்தைச் சொன்னார். பத்தொன்பது வருஷமாக அவர் சாகுபடி செய்வது குத்தகை நிலம். பத்திரம், கையெழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். சித்திரை பிறந்ததும் நிலத்துக்காரர் “இந்த வருஷமும் நீயே பாரு” என்றிருக்கிறார். அதை நம்பி, வீட்டை ஒட்டி இருக்கும் சொந்தத் துண்டு நிலத்தில் மோட்டார் தண்ணீரில் நாற்று விட்டுவிட்டார். பதினாறு நாள் நாற்று, பச்சைப் பசேலென்று நிற்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்கி நட்டாக வேண்டும். இந்த நேரம் பார்த்து நிலத்துக்காரர் டிவியைப் பார்த்துவிட்டார்.

“குறுவைய விட்டுடப் போறேன்னு நெனச்சுட்டாரு. நெலம் தரிசா கெடக்கக் கூடாதுன்னு, ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்த வசந்தகுமாருக்குச் ‘சரி’ன்னுட்டாரு. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு டிராக்டர் எறங்குது.”

“நீங்க போயிச் சொல்லலையாண்ணே?”

“சொல்லாம இருப்பனா? ‘ரெண்டு கண்ணால பாத்தேன், ரெண்டு காதால கேட்டேன். ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு எங்கிட்ட வந்து மாத்திப் பேசுறியா’ன்னு கேக்குறாரு. பத்தொம்போது வருஷமா என்னையப் பாக்குறாரு. ஆனா அரை நிமிஷம் டிவியில பாத்ததத்தான் நம்புறாரு.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் வார்த்தை தடிச்சுப் போச்சு. இனிமே நான் அந்தப் படி ஏற முடியாது.”

சாஜிதா உள்ளே போய் அவர் பேட்டியை முழுதாகப் போட்டுக் கேட்டாள். ‘மாட்டேன்’ இருந்தது. சும்மா இல்லை, அழுத்தம் திருத்தமாக, நெற்றியை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். அவள் எதையும் பொய்யாகச் சேர்க்கவில்லை, ஒரே ஒரு சொல்லை எடுத்ததோடு சரி என்று மனசு முதலில் வக்கீல் வேலை பார்த்தது. பிறகு அதற்கே வெட்கமாகிவிட்டது. சீரியல்காரிக்கு எட்டரை மணிக்கு வால் திரும்ப வந்துவிடும். இந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வரும். நிலம் வெள்ளிக்கிழமையே போய்விடும்.

பூமிகாவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, அந்த ப்ரோமோதான் இந்த வாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. இப்பப் போயி மாத்தணுங்கறீங்களே. சண்டே ப்ரோகிராம்ல அவர் பேசறது ஃபுல்லா வரப்போகுதுல்ல? ரெண்டு நாள்தானேக்கா.”

ரெண்டு நாள்தான். ஆனால் டிராக்டர் நாளைக்கே இறங்கிவிடும். சாஜிதா போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“அண்ணே, நெலம் யாரோடது?”

“கும்பகோணத்துல, பெரிய தெருவுல பாத்திரக்கடை வச்சிருக்காரே, ஜெய்னுலாபுதீன் ஹாஜியாரு. அவரோடது.”

சாஜிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய மாடிப்படி காலடிச் சத்தம் அவளுக்குக் காதில் கேட்டது. மெஹராஜ் பேகம் கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டார்.

“என்ன புள்ள பாத்துக்கிட்டு நிக்குற? வெட்டுனவதான் ஒட்டணும். போயிட்டு வா.”

மதியம் மூன்று மணி டவுன் பஸ்ஸில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வயலில் உழவு நடந்துகொண்டிருந்தது, இன்னொன்றில் நடவு ஆட்கள் குனிந்திருந்தார்கள், மூன்றாவது சும்மா கிடந்தது. சும்மா கிடந்த ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அது தான் வெட்டியது என்பதுபோல அவளுக்கு இருந்தது. தாராசுரம் தாண்டியதும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். எடுத்த எடுப்பில் சலாம், பிறகு மன்னிப்பு, பிறகு லேப்டாப். மன்னிப்பை எங்கே வைப்பது என்பதில்தான் குழம்பிப்போனாள்.

கடை அப்படியேதான் இருந்தது. அண்டாக்கள் கொஞ்சம் கூடியிருந்தன. ஜெய்னுலாபுதீனுக்கு எழுபது வயது ஆகியிருந்தது. தாடி முழுக்க வெளுத்திருந்தது. குரல் மட்டும் விளம்பரத்தில் கேட்ட அதே குரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார்.”

“வ அலைக்கும் ஸலாம். வாம்மா, சீர் பாத்திரமா?”

“இல்லீங்க. நான் சாஜிதா. முன்னாடி கேபிள் டிவியில உங்க கடை விளம்பரம் செஞ்சேன்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “அடியே! என் ‘இல்லை’ய முழுங்குன புள்ளயா நீ!” கடைப் பையன்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “ஒனக்கு ஒண்ணு தெரியுமா? போன வருஷம் எம் மவன் மயிலாடுதுறையில ஒரு கிளை தொறந்துட்டான். இப்ப ‘கிளைகள் இல்லை’ன்னு நானே சொல்ல முடியாது. பத்தொம்போது வருஷத்துக்கு முன்னாடியே சரியாத்தான் வெட்டியிருக்க!”

சிரிப்பு அடங்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று சாஜிதா நினைத்தாள். ஒத்திகை எல்லாம் மறந்துபோனது.

“ஹாஜியார், நான் திரும்பவும் அதே தப்பப் பண்ணிட்டேன். இந்தத் தடவ முழுங்குனது நல்லக்கண்ணு அண்ணனோட ‘மாட்டேன்’.”

அவர் சிரிப்பு நின்றது. அவள் லேப்டாப்பைத் திறந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். குடமுருட்டிப் பாலம் வந்தது, மீசை வந்தது. “அதுக்காவ இந்த வருஷம் குறுவைய நான் விட்டுட மாட்டேன்.” அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். பிறகு ஒரு குடத்தின் விளிம்பை விரலால் தடவினார்.

“எங்கிட்ட வந்து சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னான். நான்தான் கேக்கல.”

“தப்பு எம்மேலதாங்க. அவரு சொன்னது உண்மை. நாளைக்கு டிராக்டர் எறங்குறத மட்டும் நிறுத்திடுங்க. நாத்து நிக்குதுங்க.”

“நீ சொல்றது எல்லாம் சரிதாம்மா. ஆனா வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் நாப்பத்தஞ்சு வருஷமா யாவாரம் பண்றவன். ஒரு தடவ ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தா, அத நான் மாத்த—”

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது.

அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். பாங்கு கேட்டால் பேச்சை விடுவது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். பாதிச் சொல்லாக இருந்தாலும் பாதியில்தான் நிற்கும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய, பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சாஜிதா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். கடைப் பையன் ரேடியோவை அணைத்தான்.

‘அத நான் மாத்த.’

மாத்த என்ன? மாத்த வேண்டியதுதானா? மாத்த முடியாதா? மாத்த மாட்டேனா? எத்தனையோ ஆயிரம் வால்களை வெட்டியவள், வெட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு முடிவு எப்போதும் முன்கூட்டியே தெரியும். தெரியாமல் உட்கார்ந்திருப்பது இத்தனை பாடு என்று தெரியாது. மாமியை நினைத்தாள். பாவம், எத்தனை வருஷமாக, எத்தனை கீரைக் கட்டு! அதைவிட, நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டிருக்கும் நல்லக்கண்ணுவை நினைத்தாள். அவர் திங்கட்கிழமையிலிருந்து இந்தத் தவிப்புக்குள்தான் இருக்கிறார். யா அல்லாஹ், என் கையை மன்னித்துவிடு என்று மனதார வேண்டினாள்.

பாங்கு முடிந்தது. அவர் கையேந்தி துஆ ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டார். பையனிடம் தண்ணீர் கேட்டு, நிதானமாக இரண்டு மடக்கு குடித்தார்.

“எங்கம்மா விட்டேன்?”

“‘அத நான் மாத்த’ன்னு விட்டீங்க.”

“ஆங். மாத்த மாட்டேன்.”

சாஜிதா லேப்டாப்பை மெதுவாக மூடினாள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தூரத்தில் வைத்துப் பார்த்து எண்ணை அழுத்தினார்.

“தம்பி வசந்தகுமார், நல்லா இருக்கீங்களா? நாளைக்கு டிராக்டர் அனுப்ப வேணாம். இல்லப்பா, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. சித்திரையிலயே நல்லக்கண்ணுக்கு ‘நீயே பாரு’ன்னு வாக்குக் குடுத்துட்டேன். அவன் விட்டுட்டான்னு நெனச்சுத்தான் ஒங்களுக்குச் சொன்னேன். அவன் விடல. மொதல்ல குடுத்ததுதான் வாக்கு, அத எப்புடி மாத்த முடியும்? நீங்க வருத்தப்படக் கூடாது. அடுத்த போகம் தாளடிக்கு வேற எடம் பாத்துச் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “ஏன் புள்ள அழுவுற?”

“ஒண்ணும் இல்லீங்க.” அவளுக்கே சிரிப்பும் வந்தது. வாலுக்குப் பயந்து பயந்து, தலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். யாருக்குக் கொடுத்த வாக்கு என்று அவள் கேட்கவே இல்லை.

“தொழுவப் போவணும். அதுக்கு முன்னாடி அந்தப் பயலுக்குப் போன் போடு. நான் பேசுனா மொறப்பான், நீயே சொல்லு. நாத்து முத்துறதுக்குள்ள நடச் சொல்லு.”

சாஜிதா கடை வாசலில் நின்றே நல்லக்கண்ணுவுக்குச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். சோகப் புல்லாங்குழலைத் தூக்கி எறிந்தாள். அவர் சொன்னதை முழுதாக வைத்தாள். ‘மாட்டேன்’ முடிந்த பிறகு அவர் நெற்றி நிமிர்ந்து நிற்பதையும் இரண்டு செகண்ட் வைத்தாள். நேரம் இடித்தது. நிகழ்ச்சி நடத்துபவர் கோட்டு போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து வருவதை வெட்டி எறிந்ததும் சரியாகிவிட்டது. பூமிகாவுக்கு அனுப்பி, கீழே எழுதினாள்: ‘இதைப் போடு. இல்லையென்றால் இனிமேல் நிஜ மனுஷங்க யாரையும் எனக்கு அனுப்பாதே, சீரியல் மட்டும் அனுப்பு.’

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: ‘ஓகேக்கா. ஆனா ஆங்கரோட என்ட்ரியவே தூக்கிட்டீங்களே, அவர் மூக்கால அழுவாரு.’ அழட்டும் என்று சாஜிதா நினைத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து புது ப்ரோமோ ஓடியது. யாரும் அதைப் பற்றி மெசேஜ் அனுப்பவில்லை. எல்லாம் தெரிந்துபோன பேச்சில் பேச என்ன இருக்கிறது? சாஜிதாவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. சீரியல்களுக்கு அவள் இன்றும் வாலை ஒட்ட நறுக்குகிறாள், சந்தோஷமாகவே நறுக்குகிறாள். வயலில், கடையில், ரோட்டில் நின்று பேசும் மனிதர்கள் வந்தால் மட்டும் கையை மடக்கிக்கொள்கிறாள். மாமியிடமும் கொஞ்சம் இளகியிருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவாள். மெஹராஜ் பேகம் அதை யாருக்கும் சொல்லாமல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் டிவிஎஸ் வண்டி வாசலில் வந்து நின்றது. நல்லக்கண்ணு இறங்கவில்லை. முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

“தங்கச்சி, கதிரு முத்திடுச்சு. பொதங்கெழமை அறுப்பு. ஹாஜியாரும் வாராரு. மாமியையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு நீங்க அவசியம் வரணும்.”

“வர்றோம்ண்ணே. ஆபீஸ்ல வேலை மட்டும் கொஞ்சம்…”

“அதெல்லாம் கெடையாது. வராம இருந்தீங்க, அப்பறம் இந்த வீட்டு வாசல நான் மிதிக்க…”

அதோடு நிறுத்தினார். மீசைக்குள் ஒரு சிரிப்பு. வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மெஹராஜ் பேகம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார், கையில் கீரை.

“மிதிக்க? மிதிக்க என்னாங்குறாரு புள்ள?”

சாஜிதா வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டே கத்தினாள். “அண்ணே, சொல்லிட்டுப் போங்க! மாமி தாங்க மாட்டாங்க!”

வண்டி தெருமுனை வரைக்கும் போனது. பள்ளிவாசல் திருப்பத்தில் நின்றது. அவர் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் கேட்கும்படி கூவினார்.

“மாட்டேன்!”

“பாத்தியா,” என்றார் மெஹராஜ் பேகம், கீரையை ஆய்ந்தபடியே உள்ளே திரும்பி, “நல்ல மனுசன். எட்டரை வரைக்கும் காக்க வைக்கல.”